பன்னிரண்டு அடிப் பாட்டு

விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ பிடிக்கிறவர்களில் தினமும் யாராவது ஒருவர் கலியமூர்த்தியிடம் கேட்டுவிடுகிறார்: "கொரியா போயி பாடுச்சே ஒரு பொண்ணு, அதுக்கு நீங்கதான் மாமாவாமே?" அவ்வளவுதான், வண்டி தானாக மெதுவாகிவிடும். முதல் வளைவு தாண்டுவதற்குள் வேல்விழிக்கு ஒன்பது வயதாகி மங்கலம்பேட்டையில் ஹாட்பாக்ஸ் பரிசு வாங்கியிருப்பாள். பாலக்கரை வருவதற்குள் டிவியில் பாடித் தோற்றுத் திரும்பியிருப்பாள். ஆளை இறக்கிவிடும்போது பூசான் நகரத்து மேடையில் பதினான்கு நாட்டுப் பிள்ளைகளோடு நின்றுகொண்டிருப்பாள். சிலபேர் இறங்கிய பிறகும் வண்டிக் கம்பியைப் பிடித்தபடி நின்று மிச்சத்தைக் கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஒன்றை மட்டும் அவர் சொல்வதில்லை. கொரியாவில் அவள் பாடுவதாக இருந்த பாட்டு வேறு. அந்தப் பாட்டு போட்டிக்குப் போகாமல் போனதற்குக் காரணம் கலியமூர்த்திதான்.

வேல்விழி அவருடைய அக்கா பானுமதியின் மகள். பானுமதிக்குச் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு பொம்மைக் கம்பெனியில் வேலை. கூழாகக் கரைத்த வெள்ளைக் களிமண்ணை அச்சில் ஊற்றி, இறுகியதும் பொம்மையை வெளியே எடுத்து, ஈர ஸ்பாஞ்சால் விளிம்பு தெரியாமல் துடைத்து அடுக்குகிற வேலை. அப்பா தர்மராஜ் வேறொரு கம்பெனியில் சூளைக்கு ஏற்றி இறக்குகிறவர். பள்ளிக்கூடம் நாலரைக்கு விட்டால் அம்மா வீடு வந்துசேர ஆறரை ஆகும். அந்த இரண்டு மணி நேரம் பிள்ளையை எங்கே விடுவது? தம்பியின் ஆட்டோவில் விட்டார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் வேல்விழியின் சாயங்காலங்கள் பின்சீட்டின் இடது மூலையில்தான் கழிந்தன. புத்தகப் பை மடியில், தலை வெளியே.

வண்டியில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். கூடவே அவளும் பாடுவாள். நடுவில் வரி மறந்துபோகும். மறந்தால் மற்ற பிள்ளைகள் ம்ம்ம் என்று இழுத்துச் சமாளிக்கும், இவள் அந்த இடத்தில் சொந்தமாக எதையாவது போட்டு நிரப்பிக்கொண்டு போய்விடுவாள். காதலன் காதலியைப் பார்த்து உருகிக்கொண்டிருக்கும் இடத்தில், பாலக்கரையில் இறங்குகிறவர்கள் சில்லறை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு வரி வரும். சவாரிக்காரர்கள் சிரிப்பார்கள். கலியமூர்த்தி சிரிக்க மாட்டார். மெட்டு இம்மி பிசகாமல் உட்கார்ந்திருக்கிறதே என்று அவருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

மங்கலம்பேட்டை கடைக்காரர்கள் சேர்ந்து நடத்திய பாட்டுப் போட்டிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனது அவர்தான். அப்போது நாலாம் வகுப்பு. துபாயிலிருந்து வந்த ஒருவர் கொடுத்த ஹாட்பாக்ஸ்தான் முதல் பரிசு. அது அவள் மடியில் நிற்காமல் உருண்டுகொண்டே வந்தது. பிறகு இதே மாவட்டத்தில் இருக்கும் மங்களூரில் கோயில் திருவிழா மேடை. வழியில் வண்டி நின்றுபோய், தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பரிசெல்லாம் கொடுத்து முடித்துவிட்டார்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்களே என்று மைக்கைக் கொடுத்தார்கள். நாற்காலி அடுக்குகிறவர்களுக்கு அவள் பாடினாள். இரண்டுபேர் அடுக்குவதை விட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். அதற்கு அப்புறம் எத்தனையோ மேடை ஏறிவிட்டாள், கலியமூர்த்தியைக் கேட்டால் அதுதான் நல்ல மேடை என்பார்.

பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது சென்னையில் ஒரு டிவி நிகழ்ச்சிக்குத் தேர்வானாள். ஆயிரக்கணக்கானவர்களில் நாற்பதுக்குள் வந்துவிட்டாள். அம்மாவுக்கு லீவு கிடைக்காததால் துணைக்கு மாமாதான் போனார். இரண்டாவது சுற்றில், விளக்கெல்லாம் முகத்தில் அடிக்க, இரண்டாம் சரணத்தில் அவளுக்கு வரி மறந்தது. பின்சீட்டுப் பழக்கம் எங்கே போகும்? ஒரு நொடிகூட நிறுத்தாமல் சொந்த வரி இரண்டைப் போட்டுத் தாண்டினாள். நடுவராக உட்கார்ந்திருந்த பெரிய பாடகர் கையைத் தூக்கினார். இந்த வரி எங்கிருந்து வந்தது என்று கேட்டார். மறந்துபோய்விட்டது சார், நானாகப் போட்டுக்கொண்டேன் என்று இவள் உள்ளதைச் சொன்னாள். அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் வாரம் முழுக்க விளம்பரத்தில் ஓட்டினார்கள். அவளை அந்தச் சுற்றோடு அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வரும் ரயிலில் விழுப்புரம் வந்ததும் கலியமூர்த்தி முறுக்கு வாங்கிக் கொடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"மறந்தது தப்புதான் மாமா. ஆனா நான் போட்ட ரெண்டு வரி நல்லாத்தான் இருந்துச்சு."

அதற்குப் பிறகு அடுத்தவர் பாட்டை அவள் மேடையில் பாடவே இல்லை. கொளஞ்சியப்பர் காலேஜில் பி.ஏ. சேர்ந்தாள். அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். கிடார் ஒன்று பழையதாகக் கிடைத்தது. வாரம் ஒரு பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, போனில் பாடிப் போட்டாள். முதலில் நாற்பதுபேர் பார்த்தார்கள், அதில் பத்துபேர் ஸ்டாண்டு டிரைவர்கள். அப்புறம் நாலாயிரம் ஆனது. படிப்பு முடிந்து சென்னையில் ஹாஸ்டலில் தங்கி, ஒரு விளம்பரக் கம்பெனியில் சின்ன வேலை பார்த்துக்கொண்டே எழுதினாள். இருபத்திரண்டு வயதில் அந்தக் கடிதம் வந்தது. தென் கொரியாவில் பூசான் என்ற கடற்கரை நகரத்தில் இளம் பாடலாசிரியர்களுக்கான சர்வதேசப் போட்டி. எழுதுகிறவரே பாட வேண்டும், தாய்மொழியில் பாட வேண்டும். இந்தியாவிலிருந்து இவள் ஒருத்தி.

அதற்காக அவள் எழுதிய பாட்டுக்கு 'வெள்ளக் கை' என்று பெயர். ஊருக்கு வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆற்றுப் பாலத்தோரம் வண்டியை நிறுத்தச் சொல்லி மாமாவுக்கு மட்டும் பாடிக் காட்டினாள்.

வெள்ளக் கையி பட்ட எடமெல்லாம்
எங்கம்மா வந்துபோன எடம்
கதவுல ரெண்டு, கொடத்துல நாலு
எங் கன்னத்துல கழுவாத ஒண்ணு

இப்படித் தொடங்கிப் பதினாறு வரி. கலியமூர்த்தி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த வரிகள் தனக்கு வேண்டும் என்று கேட்டார். அவள் நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினாள். அனுப்பும்போதே எச்சரிக்கையும் செய்தாள். போட்டி முடிகிறவரைக்கும் பாட்டு வெளியே போகக் கூடாது, யாருக்கும் பாடிக் காட்டக் கூடாது, ரெக்கார்டு போடக் கூடாது, அம்மாவுக்குக்கூட இன்னும் பாடிக் காட்டவில்லை. அவர் அவளுடைய தலையைத் தொட்டு, வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னார். திறக்கவும் இல்லை. குளிக்கும்போதுகூட அந்த மெட்டை முணுமுணுக்காமல் இருந்தார். அவருடைய நேர்மையில் யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் தாய்மாமன் என்று ஒருவர் இருந்துகொண்டு, பிள்ளை வெளிநாடு போகும்போது சும்மா இருக்க முடியுமா? காதுகுத்துக்கு மடியில் உட்காரவைத்தவர், சடங்குக்குத் தட்டு வரிசை கொண்டுவந்தவர். ஜங்ஷன் வாசலில் பேனர் வைப்பது என்று முடிவானது. பன்னிரண்டு அடி உயரம். அதற்குப் பிளக்ஸ் கடை கார்முகிலிடம் போனார். கார்முகில் கம்ப்யூட்டரில் கல்யாணப் பேனர் ஒன்றைத் திறந்து, மாப்பிள்ளையை எடுத்துவிட்டு வேல்விழியை வைத்தான். அவளுடைய நிறத்தை நாலு மடங்கு வெளுப்பாக்கினான். பின்னால் ஒரு விமானம் பறந்தது. 'கடல் கடக்கும் எங்கள் குயிலே' என்று மேலே போட்டான். கீழே வழக்கம்போல ஸ்டாண்டு டிரைவர்கள் பதினொருபேரின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. கூட வந்திருந்த சாமிக்கண்ணு ஸ்டாண்டிலேயே மூத்த டிரைவர். வேல்விழியின் பெயருக்குப் பின்னால் வரும் பி.ஏ. பெயரைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார்.

எல்லாம் முடிந்த பிறகும் வலது பக்கம் காலியாக இருந்தது. அங்கே சிங்கம் போடட்டுமா, தாமரை போடட்டுமா என்று கார்முகில் கேட்டான். கலியமூர்த்தி யோசித்தார். ஊரில் இருக்கிற எல்லாப் பேனரிலும் சிங்கமும் தாமரையும்தான் இருக்கிறது. எம்.எல்.ஏ.வுக்கு இருப்பது, பூப்புனித நீராட்டுக்கு இருப்பது, கண்ணீர் அஞ்சலிக்கு இருப்பது எல்லாம் ஒன்றுதான். இந்தப் பிள்ளையிடம் வேறு யாரிடமும் இல்லாதது என்ன? போனை எடுத்தார். நோட்டுப் பக்கத்தைக் காட்டினார். பதினாறு வரியும் தங்க நிற எழுத்தில் ஏறியது.

அவருக்கு அதில் தப்பே தெரியவில்லை. பாட்டு என்பது காதால் கேட்பது. பாடவில்லை, பாட வைக்கவில்லை, ரெக்கார்டும் போடவில்லை. எழுத்தைப் போட்டால் பாட்டு எப்படி வெளியே போகும்?

நாலு நாள் கழித்து வேல்விழி சென்னையிலிருந்து காலை ரயிலில் வந்தாள். கொரியா போவதற்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. ஸ்டாண்டே வரிசையாக நின்றது. மாமா அவளுடைய பையை வாங்கிக்கொண்டு, கண்ணை மூடச் சொல்லி வாசல்வரை கையைப் பிடித்துக் கூட்டிவந்து, திறக்கச் சொன்னார்.

அவள் தன் முகத்தைப் பார்த்தாள். விமானத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். அப்புறம் வலது பக்கம் பார்த்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரைக்கும் நின்று படித்தாள், அடுத்தவர் எழுதியதைப் படிக்கிற மாதிரி.

"எப்ப மாமா வெச்சீங்க?"

"நாலு நாளாச்சு பாப்பா. போறவங்க வரவங்கெல்லாம் நின்னு படிச்சிட்டுதான் போறாங்க."

அவள் ஆட்டோவின் படியில் உட்கார்ந்துவிட்டாள். பயணக் களைப்பு என்று நினைத்து ஒருவர் டீ வாங்க ஓடினார். அவள் மாமாவை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல் விதியைச் சொன்னாள். பாட்டின் வரியோ மெட்டோ எந்த வடிவத்திலும் முன்பே வெளியாகியிருக்கக் கூடாது. அப்படி இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். கலியமூர்த்தி சொல்லிப் பார்த்தார், தான் வாயே திறக்கவில்லையே என்று. சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

விஷயம் அதோடும் நிற்கவில்லை. பேனரைப் படித்த காலேஜ் பையன்கள் இரண்டுபேர் அந்த வரிகளுக்கு ஒரு குத்துப்பாட்டு மெட்டைப் போட்டு, பேனருக்கு முன்னால் ஆடி ரீல்ஸ் போட்டிருந்தார்கள். வெள்ளக் கையி என்று வரும் இடத்தில் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்கள். அதை அவளிடம் காட்டியது வேறு யாருமில்லை, பெருமையோடு சாமிக்கண்ணுதான்.

விவரம் தெரிந்ததும் சாமிக்கண்ணு ஒரு வழி சொன்னார். பேனரைச் சுருட்டி வீட்டில் போட்டுவிட வேண்டியது, பையன்களைக் கூப்பிட்டு அழிக்கச் சொல்ல வேண்டியது, வாயை மூடிக்கொண்டு விமானம் ஏற வேண்டியது. "கொரியாக்காரன் என்னா, விருத்தாசலம் ஜங்ஷன்ல எறங்கி தமிழ் படிச்சிட்டு போவப் போறானா? நீ பேசாம போயி பாடிட்டு வாம்மா."

கலியமூர்த்திக்கும் அதுதான் சரியென்று பட்டது. கெஞ்சவே செய்தார். வேல்விழி அன்று மத்தியானம் சாப்பாட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு போனை எடுத்துப் போட்டிக்காரர்களுக்கு எழுதினாள். நடந்ததை நடந்தபடி, பேனரின் போட்டோவோடு. அனுப்புவதற்கு முன்னால் மாமா அவள் கையைப் பிடித்தார். அப்போது அவள் சொன்னதை அவர் மறக்கவில்லை.

"அம்மாவப் பத்தின பாட்டு மாமா. அத ஒளிச்சி வெச்சி பாட முடியாது."

பதிலுக்காக இரண்டு நாள் காத்திருந்தார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் கலியமூர்த்தி ஏணியை எடுத்துக்கொண்டு பேனரைக் கழற்றப் போனார். இனிமேல் கழற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை, கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்றிருந்தது. அங்கே பானுமதி நின்றுகொண்டிருந்தாள். கம்பெனியிலிருந்து நேராக வந்திருக்கிறாள், தோளில் சாப்பாட்டுப் பை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஒரு விரலைக் காற்றில் நகர்த்தி ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். மகள் கொரியாவுக்கு ஏதோ பாட்டு எழுதியிருக்கிறாள் என்று தெரியும். அது தன்னைப் பற்றியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஊருக்கெல்லாம் தெரிந்து ஆறு நாளுக்குப் பிறகு.

தம்பி பக்கத்தில் வந்து நின்றதைப் பார்த்தாள். தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நக இடுக்கில் வெள்ளை கோடு கட்டியிருந்தது.

"நல்லா கழுவிட்டுத்தான்டா வூட்டுக்கு வருவேன்," என்றாள். கோபமா வருத்தமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. பிறகு ஏணியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "இன்னிக்கி கழட்டாத. இன்னொரு நாளு இருக்கட்டும்."

அவர் ஏணியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலையில், வேலைக்குப் போகிற வழியே இல்லாத அந்த ஜங்ஷன் பக்கம் பானுமதி சுற்றிக்கொண்டு வந்து, கூடவே வேலை செய்கிற மூன்று பெண்களையும் கூட்டிவந்து காட்டிவிட்டுப் போனதாகச் சாமிக்கண்ணு சொன்னார்.

அன்றைக்கே பதில் வந்தது. மரியாதையான பதில்தான். நேர்மையாகத் தெரிவித்ததற்கு நன்றி, இந்தப் பாட்டை ஏற்க முடியாது, எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் வேறு புதிய பாட்டு அனுப்பினால் இடம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆறு மாதம் செதுக்கிய பாட்டுக்குப் பதிலாக மூன்று நாளில் ஒன்று.

முதல் நாள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினாள், எல்லாவற்றையும் அடித்தாள். இரண்டாம் நாள் கிடாரைக்கூடத் தொடவில்லை. கலியமூர்த்தி அந்த இரண்டு நாளும் சவாரிக்குப் போகவில்லை. அக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஏதாவது வேண்டுமா என்று கேட்பதற்காக உள்ளே போவதும் கேட்காமலே வெளியே வருவதுமாக இருந்தார். வாங்கிவந்த பரோட்டா பிரிக்காமலே காய்ந்தது. தர்மராஜ் மட்டும், வேலைக்குப் போடா, நீ இங்கே உட்கார்ந்திருந்தால் அவளுக்கு இன்னும் பாரம் என்று ஒரு தடவை சொன்னார்.

மூன்றாம் நாள் விடிந்ததும் வேல்விழி வெளியே வந்தாள்.

"மாமா, நீங்க பாட்டுக்கு சவாரி போங்க. நான் பின்னால குந்திக்கிறேன்."

"எங்க போவணும் பாப்பா?"

"எங்கயும் போவ வேணாம். தெனம் போற மாதிரி போங்க. ஆள ஏத்துங்க, எறக்குங்க. எங்கிட்ட மட்டும் பேசாதீங்க."

அன்று அவர் மங்கலம்பேட்டைக்கும் ஜங்ஷனுக்குமாக ஷேர் சவாரி ஓட்டினார். அவள் இடது மூலையில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்பு கால் தரையில் எட்டாது, இப்போது முட்டி முன்சீட்டுக் கம்பியில் இடித்தது. கோழிக்கூடையோடு ஒருவர் ஏறினார். சவுதிக்குப் போன புருஷனோடு வீடியோ காலில் சண்டை போட்டுக்கொண்டே ஒரு பெண் வந்தாள், பக்கத்தில் இருந்த பெரியவர் நியாயம் சொல்லப் போய் இரண்டுபேரிடமும் வாங்கிக்கட்டிக்கொண்டார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கலியமூர்த்தி திரும்பிப் பார்த்து வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். கொஞ்சம் நவுந்து குந்துங்க, இன்னொருத்தர் வராங்க. அது அவர் வாயில் ஒரு நாளைக்கு நூறு தடவை வருவது, சொல்கிறோம் என்றே அவருக்குத் தெரியாது. நாலாவது நடையில் கண்ணாடியில் பார்த்தார். அவள் எழுதிக்கொண்டிருந்தாள். கை நிற்கவே இல்லை. நடுவில் ஒருமுறை கோழிக்கூடைக்காரர் என்ன எழுதுகிறாய் என்று எட்டிப்பார்த்தார். கலியமூர்த்தி ஹாரனை அழுத்தி அவர் கவனத்தைத் திருப்பினார்.

மத்தியானத்துக்குள் பாட்டு வந்துவிட்டது.

கொஞ்சம் நவுந்து குந்துங்க
கூட ஒருத்தர் வராங்க
மூணு பேரு சீட்டுல
ஏழு பேரு கத இருக்கு

மங்கலம்பேட்டையில் ஒரு செல்போன் கடைக்காரர், டிவிப் பெட்டிகள் அடுக்கிய பின்கட்டு அறையை ரெக்கார்டு செய்வதற்காக ஒழித்துக் கொடுத்தார். அட்டைப் பெட்டியும் தெர்மாகோலும் வெளிச்சத்தத்தை உள்ளே விடவில்லை. கலியமூர்த்தி கடை வாசலில் நின்று, யாரும் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டார். அவர் போட்ட சத்தத்தில்தான் இரண்டு தடவை திரும்ப ரெக்கார்டு செய்ய வேண்டியிருந்தது. கெடு முடிய ஐந்து மணி நேரம் இருக்கும்போது அனுப்பினாள். மறுநாள் ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது.

பூசானில் மாலை நிகழ்ச்சி, இங்கே மத்தியானம் இரண்டரை. ஸ்டாண்டில் ஒரே போனைச் சுற்றிப் பதினொருபேரும் குனிந்து நின்றார்கள். பானுமதி அரைநாள் லீவு போட்டு வந்திருந்தாள். வேல்விழி பருத்திப் புடவையும் கிடாருமாக வந்து நின்று, கூட்டத்தைப் பார்த்து, நகர்ந்து உட்காருகிற மாதிரி கையால் சைகை செய்துவிட்டுப் பாடத் தொடங்கினாள். இரண்டாம் தடவை பல்லவி வரும்போது அந்த அரங்கத்து ஜனங்கள் இருக்கையில் நிஜமாகவே ஒரு பக்கமாக நகர்ந்தார்கள். "பாருய்யா, அங்கயும் ஏழு பேர ஏத்துறான் நம்ம கலியன்," என்றார் சாமிக்கண்ணு. யாரோ அவர் முதுகில் ஒன்று வைத்தார்கள். கலியமூர்த்தி போனைப் பார்க்கவில்லை. வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

மூன்றாம் இடம். முதலிடம் ஜார்ஜியா நாட்டுப் பையன் ஒருவனுக்கு.

பத்து நாள் கழித்து வந்தவள், ஸ்டாண்டில் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவர் மட்டும் ஜங்ஷனுக்குப் போனார். பையை முன்னால் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். கொரியாவில் சோற்றுக்கு என்ன செய்தாள், குளிர் எப்படி இருந்தது என்று கேட்டுக்கொண்டே வந்தவர், ஒரு மாதமாக மனசில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டார்.

"ஒண்ணு கேக்குறேன் பாப்பா. உள்ளத சொல்லு. அந்த மொதப் பாட்டு போயிருந்தா மொத பரிசு வந்திருக்குமா?"

கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அதெல்லாம் ஒன்றும் இல்லை மாமா என்று சொல்லிவிடுவாள், தானும் அதை நம்பிக்கொள்ளலாம் என்றுதான் அவர் இருந்தார். அவள் யோசித்தாள்.

"வந்திருக்கும்னுதான் நெனைக்கிறேன் மாமா. அது இதவிட நல்ல பாட்டு."

அவர் வண்டியை மெதுவாக்கினார்.

"எம்மேல கோவம் இருக்குதா?"

"இருக்குது மாமா. கொஞ்சம்."

"எத்தினி நாளைக்கி?"

"தெரியல. இருக்கற வரைக்கும் இருக்கட்டும். நீங்க ரோட்ட பாத்து ஓட்டுங்க."

செராமிக் பக்கம் திரும்புகிற இடத்தில் மண் லாரி ஒன்று குறுக்கே நின்று பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது. மற்ற நாளாக இருந்தால் நாலு ஹாரன் அடித்திருப்பார். அன்றைக்கு வண்டியை ஓரமாக நிறுத்தி, லாரி போகிறவரைக்கும் காத்திருந்தார். பின்சீட்டில் அவள் மெல்ல எதையோ பாடிக்கொண்டிருந்தாள். புதுசு. அது என்ன என்று அவர் கேட்கவில்லை.